கிலோ கூலிக்காரருக்கு ஏது இடைவேளை?

வேலை நேரத்து உணவு இடைவேளை சலுகை இல்லை, உரிமை; தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. உரிமை என்பது சரிதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனால் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மண்டபம் ஊரில் நண்டுச் சதை எடுக்கிற பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கூலி கிலோ கணக்கு. எழுந்து போனால் தட்டில் சதை குறையும், கூலியும் குறையும். "சாப்பிட வேண்டாம்னு யார் சொன்னா?" என்பார் மேஸ்திரி. அவர் எதற்குச் சொல்ல வேண்டும்? என் மதினி டிபன் பாக்ஸோடு ஸ்பூனும் கொண்டுபோவார். ஓடு கீறின விரலில் குழம்பு பட்டால் எரியுமாம்.

ராமேஸ்வரம் கடைகளில் வேறு கதை. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஒரு மணி நேர ஓய்வு என்கிறது தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். உட்கார இருக்கை தரச் சொல்லி 2021-ல் திருத்தமும் வந்தது. ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் சரக்குப் பெட்டியும் இருக்கிறது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கவே சாயங்காலம் ஆகிவிடும்.

தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்கிறீர்கள். அப்புறம் மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பதையும் எழுதுங்கள்.