கங்காணி மாமாவின் காலைப் பெரட்டு

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டத்தில் எதிர் லயமே, அந்த வரிசை வீடுகளே தெரியவில்லை. தோட்டத்து ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற கங்காணி மாமா, மழை இல்லாவிட்டாலும் குடையோடு ரோட்டோரம் நிற்கிறார். ஆட்டோ ஓட்டும் செல்வராசு காதை மூடிய மப்ளர், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் சகிதம் வந்து சேர்கிறார்.)

கங்காணி: என்ன மருமகனே, நடக்க வந்தாயா, பீதுருதாலகால உச்சிக்குக் காவலுக்குப் போகிறாயா?

செல்வராசு: குளிர் மாமா. டொக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார், நடுங்கச் சொல்லவில்லை.

கங்காணி: பெரட்டுக்கு ஆள் எண்ணுவது ஆறு மணிக்கு. இப்போது ஆறே கால். உனக்கு அரைப்பேர்தான், அரை நாள் கணக்கு.

செல்வராசு: சம்பளமே இல்லாத வேலைக்கு அரைப்பேரா?

கங்காணி: முப்பது வருஷம் ஆளை எண்ணிப் பழகியவன், சும்மா இருக்க முடியுமா? சரி, கிளினிக்கில் என்ன சொன்னார்கள்?

செல்வராசு: சுகர் எல்லையில் நிற்கிறதாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதுதானாம்.

கங்காணி: அவ்வளவுதானே! இன்றைக்கே 150ஐயும் முடித்துவிடு. மிச்ச நாளெல்லாம் லீவு. கொந்தரப்பு மாதிரி, வேலை முடிந்தால் வீட்டுக்கு.

செல்வராசு: அதை நானும் கேட்டேன் மாமா. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிஷமாம். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு முதலில் பத்து நிமிஷமே போதுமாம். பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாமாம்.

கங்காணி: பத்து நிமிஷமா? கூடைக் கயிற்றைத் தலையில் சரிபண்ணவே அவ்வளவு நேரம் எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரி, அந்தக் குறுக்குப் பாதையிலே ஏறு. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும்.

செல்வராசு: அது குறுக்கா மாமா? சுவர்! ஆடே யோசித்துத்தான் அதில் கால் வைக்கிறது. ஏறினாலும் திரும்ப இறங்க வேண்டுமே. பழக்கமில்லாதவனுக்கு இறக்கத்தில்தான் தொடை பிடிக்குமாம். அதுவும் உடனே தெரியாதாம், அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும்தான் தெரியுமாம். ரோட்டோடு கோயிலடி வரைக்கும் போவோம்.

(புறப்படுகிறார்கள். செல்வராசு முன்னால் நடக்கிறார். மாமா குடையை ஊன்றிக்கொண்டு பின்னால். வேலையில் இருந்த காலத்திலும் அவர் பின்னால்தான்.)

கங்காணி: காலை எட்டிப் போடு!

செல்வராசு: முதல் ஐந்து நிமிஷம் மெதுவாகத்தான் போக வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடச் சொன்னார்.

கங்காணி: அப்படியென்றால் மெதுவாகவே போ. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இந்த லயத்தில் இருப்பது உன் ஆட்டோ ஒன்றுதான். நீ விழுந்தால் உன்னை யார் கொண்டுபோவது?

செல்வராசு: ஆட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. நேற்று என் போன் 6,000 அடி நடந்ததாகக் காட்டியது.

கங்காணி: நேற்று நீ ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லையே!

செல்வராசு: நம் தோட்டத்து ரோட்டில் மூன்று ஹயர் போனேன். குலுக்கிய குலுக்கலில் போன் ஏமாந்துவிட்டது.

கங்காணி: சுகர் வண்டிக்குத்தான் இறங்கியிருக்கும். நாளுக்கு 10,000 அடி என்று டிவியில் சொல்கிறார்களே, அது?

செல்வராசு: மகள் தேடிச் சொன்னாள். 1965இல் ஜப்பானில் ஒரு கம்பனி அடி எண்ணுகிற கருவியை விற்றதாம். அதற்குப் பத்தாயிரம் அடி என்றே பேர் வைத்ததாம். அப்படியே ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது.

கங்காணி: ஜப்பானிலும் துரைமார்தான் நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லு.

செல்வராசு: சரியான வேகத்துக்கு வேறு அடையாளம் இருக்கிறது மாமா. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கங்காணி: நல்ல கணக்காக இருக்கிறதே. எங்கே, வேகத்தைக் கூட்டு.

(கொஞ்ச தூரம் பேச்சில்லை. ரோட்டோரப் புல்லை ஒட்டித் திரும்புகிறார்கள்.)

செல்வராசு: முரு...காஆஆ!

கங்காணி: பாடுகிறாய்! வேகம் போதாது!

செல்வராசு: பாட்டு இல்லை மாமா, அட்டை!

(காற்சட்டையைச் சுருட்டிப் பார்க்கிறார். சாக்ஸ் விளிம்புக்கு மேலே கறுப்பு நூல்துண்டு போல ஒன்று ஒரு நுனியை ஊன்றி, மறு நுனியைத் தூக்கி, நிதானமாக இடம் பார்க்கிறது.)

கங்காணி: காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வரத் தெரியாதா? கொழுந்து பறிக்க மலையில் இறங்குகிற பெண்களைப் பார்த்தாவது படிக்கக் கூடாதா? சரி, விடு. உன் சுகரைச் சோதிக்க வந்திருக்கிறது. கிளினிக் மாதிரி வரிசையில் நிற்க வைக்காது.

(செல்வராசு அதைச் சுண்டிவிட்டு, அதுவரை இல்லாத வேகத்தில் கோயிலடியைத் தாண்டித் தேத்தண்ணிக் கடைக்கே போய்விடுகிறார். வேகத்தைப் பற்றி மாமா பிறகு வாயே திறக்கவில்லை.)

கங்காணி: முடிந்ததா?

செல்வராசு: இன்றைக்கு இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டுமாம். சுவரில் கையை வைத்துத் தள்ளுவது ஒன்று.

கங்காணி: லயத்துச் சுவரை மட்டும் தள்ளிவிடாதே. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். புது வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அது நிற்க வேண்டும்.

செல்வராசு: அப்புறம், கையை ஊன்றாமல் கதிரையில் உட்கார்ந்து எழும்புவது. பத்துத் தரம்.

கங்காணி: இது ஒரு வேலையா? இந்தக் கடை பெஞ்சிலேயே காட்டுகிறேன் பார். (உட்காருகிறார்.) இப்படி உட்கார வேண்டும்.

செல்வராசு: சரி. எழும்புங்கள்.

கங்காணி: எழும்புகிறேன். அந்தக் குடையைக் கொடு.

செல்வராசு: கையை ஊன்றக் கூடாது மாமா. குடையும் கைக் கணக்குத்தான்.

கங்காணி: (இரண்டு தரம் முன்னால் சாய்ந்து, இரண்டு தரமும் பின்னால் வருகிறார்.) பெஞ்சு பள்ளம்.

செல்வராசு: அப்போது உங்களுக்கும் இன்றைக்கு அரைப்பேர்தானே?

கங்காணி: கங்காணிக்குப் பேர் போடுவது கணக்கப்பிள்ளை, நீ இல்லை. அதோடு, எங்கள் தாத்தா காலத்தில் பெரட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு, தெரியுமா? உன் தலைக்கு எனக்கு ஒரு தேத்தண்ணியும் ஒரு பணிஸும் வருகிறது. சொல்லு. உனக்குச் சீனி இல்லாமல்.

செல்வராசு: இதற்காகத்தான் விடியக்காலையில் என் கதவைத் தட்டினீர்களா?

கங்காணி: நாளைக்கு உன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கும் வயிறு போட்டிருக்கிறது.