செக்டிஸ்க் முதல் மருந்து அல்ல

டிஸ்க்கைச் செருகியதும் "இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கிறதே, அந்தக் கேள்வியை எழுதிய புண்ணியவான் மேல் எனக்குத் தீராத கோபம். பல நேரம் உள்ளே இருப்பதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) முதல் செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) கெட்டிருக்கும், அதனால் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, 'ரா' (அடையாளம் தெரியாதது) என்று காட்டும், அவ்வளவுதான். 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அழித்துவிடட்டுமா' என்று கேட்பது என்ன நியாயம்?

சுதாரித்து கேன்சல் கொடுத்தவர்களும் அடுத்து விழுவது செக்டிஸ்க்கில், அதாவது விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவியில். யாரைக் கேட்டாலும் "செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் போட்டுப் பாருங்க" என்பார்கள். லினக்ஸ்காரர் என்றால் அங்கே அதே வேலை செய்யும் எஃப்எஸ்செக், அதுவும் எல்லாக் கேள்விக்கும் தானே 'எஸ்' சொல்லிக்கொள்ளும்படி. என் கட்சி இதுதான்: வேறு நகல் இல்லாத டேட்டா இருக்கும் டிஸ்க்கில் இவற்றை நேரடியாக ஓட்டவே கூடாது. முதலில் முழு டிஸ்க்கையும் இமேஜ் (செக்டார் செக்டாராக அப்படியே ஒரு நகல்) எடுங்கள், பரிசோதனையெல்லாம் அந்த இமேஜில்.

ஏனென்றால் இவற்றின் வேலை உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல, ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாத நிலைக்குக் கொண்டுவருவது. இடிக்கும் வரிகளை அடித்துவிட்டு 'கணக்கு சரி' என்று கையெழுத்துப் போடும் கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு டைரக்டரி உடைந்திருந்தால் அதற்குள் இருந்தவை, பெயரெல்லாம் போய், வெறும் ஐநோட் எண்ணோடு (ஃபைல் சிஸ்டம் உள்ளுக்குள் ஃபைலுக்குக் கொடுக்கும் எண்) 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் வந்து கிடக்கும். விண்டோஸில் 'ஃபவுண்ட்.000' ஃபோல்டரும் அதற்குள் 'சிஎச்கே' ஃபைல்களும். கடைசியில் பிழை எதுவும் இல்லை என்று அறிக்கை வரும். பொய் இல்லை, ஃபைல் சிஸ்டத்தில் பிழை இல்லைதான்! ஆனால் இந்தச் 'சரிசெய்தல்' எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டாயிற்று. அடுத்து வரும் கருவிக்குப் பழைய தடயம் மிஞ்சாது.

இந்த விஷயத்தில் பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு ஃபைல் சிஸ்டம்) ஆட்கள் நேர்மையானவர்கள். டெவலப்பரோ அனுபவசாலியோ சொன்னால் ஒழிய ரிப்பேர் ஆப்ஷனைத் தொடாதே என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது.

இமேஜ் எடுக்க குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. சாதாரண காப்பி முதல் ரீட் எர்ரரிலேயே நின்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், பிறகு திரும்பி வந்து அவற்றோடு மல்லுக்கட்டும். எதுவரை படித்தது என்று மேப் ஃபைலில் குறித்துவைப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு முன், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 'கரன்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் செக்டார்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்ஜியம் இல்லையென்றால் சந்தேகம் ஃபைல் சிஸ்டத்தின் மேல் அல்ல, டிஸ்க்கின் மேலேயே. டிக் டிக் என்று சத்தம் வந்தால் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம், பவரைப் பிடுங்கிவிட்டு டேட்டா மீட்கும் லேபுக்குக் கொடுங்கள்.

இமேஜ் கையில் வந்தபின் பார்த்தால், பல கேஸ்களில் மாற்று ஏற்பாடு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் பூட் செக்டாரின் (முன்பு சொன்ன அந்த முதல் செக்டார்) நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கிறது. ஃபேட்32 என்ற பழைய வகையில் வழக்கமாக 6ஆம் எண் செக்டாரில். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி அசலையும் நகலையும் ஒப்பிட்டுக் காட்டி, நல்லதைக் கெட்டதன் மேல் எழுதட்டுமா என்று கேட்கும். 'ரா' என்று பயமுறுத்திய பார்ட்டிஷன் சில நேரம் அதிலேயே திறந்துவிடும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4இல் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) கெட்டால் அதற்கும் நகல்கள் உண்டு: பிளாக் (ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிரிக்கும் அலகு) அளவு 4 கேபி என்றால் அவை இருக்கும் பிளாக் எண்கள் 32768, 98304, 163840 என்று போகும். எக்ஸ்ட்4க்கான எஃப்எஸ்செக்கான இ2எஃப்எஸ்செக்குக்கு 'மைனஸ் பி 32768' என்று கொடுத்தால் அந்த நகலை வைத்து வேலை செய்யும். இந்த எண்களைக் கண்டுபிடிக்க ஃபார்மேட் செய்யும் கட்டளையான எம்கேஇ2எஃப்எஸ்ஸை, எதையும் எழுதாதே என்று சொல்லும் 'மைனஸ் என்' போட்டு ஓட்டச் சொல்வார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே நடுக்கம். அந்த ஒற்றை எழுத்து விட்டுப்போனால் அதே கட்டளை பார்ட்டிஷனைப் புதிதாக ஃபார்மேட் செய்துவிடும். இமேஜில் செய்தால் போனால் போகிறது, இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

'ரீட் ஒன்லியாக, படிக்க மட்டும்தானே மவுண்ட் செய்து திறக்கிறேன்' என்பவர்களுக்கு ஒரு சேதி. எக்ஸ்ட்4 சரியாக மூடப்படாமல் இருந்தால், ரீட் ஒன்லி என்று சொன்னாலும் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) ரீப்ளே செய்து டிஸ்க்கில் எழுதும். 'நோலோட்' ஆப்ஷனையும் சேர்த்தால்தான் சும்மா இருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி. அது ஃபைல் சிஸ்டத்தையே கண்டுகொள்ளாமல், ஜேபெக் இப்படித் தொடங்கும், பிடிஎஃப் இப்படித் தொடங்கும் என்று தலைப்பு பைட்டுகளைத் தேடி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் வராது, துண்டுதுண்டாகச் சிதறிய ஃபைல்கள் பெரும்பாலும் அரைகுறையாக வரும். எடுத்ததை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியில், குவிக் ஃபார்மேட்டோடு ட்ரிம் கட்டளையும் (இந்த இடத்தில் இருப்பது இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) போய்ச் சேர்ந்திருந்தால் ஃபோட்டோரெக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான்.