எஞ்சினை நிப்பாட்டச் சொன்ன கதை

அம்பாறைக்கு அங்கால, கல்லோயாக் குளம் இருக்கிற இங்கினியாகலைக்குப் போறம் என்று சொன்னதும் வீட்டில எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "யானை நீந்துமாமே, காணலாமா?" கழுகு என்று ஒருத்தரும் வாய் திறக்கல்ல. நானும் அப்போ திறக்கல்ல.

பெரும்போக வெள்ளாமை வெட்டு முடிஞ்ச கையோட, மச்சான்ட வானில எட்டுப் பேர். களுவாஞ்சிகுடியில விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, கல்முனை, சம்மாந்துறை, அம்பாறை கடந்து போய்ச் சேர்ந்தம்.

எங்கட ஆக்களுக்குச் சுற்றுலா என்றால் பாசிக்குடா, அறுகம்பே, மிஞ்சினால் நுவரெலியா. இங்கினியாகலை அந்தக் கணக்கில வாறதே இல்லை. அதுக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. எங்கட அம்மப்பா கடைசி வரைக்கும் கல்லோயா என்று சொன்னதே கிடையாது, பட்டிப்பளை ஆறு என்றுதான் சொல்லுவார். அந்த ஆற்றை மறிச்சுக் குளம் கட்டி ஆக்களைக் குடியேற்ற 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டம், 1956 கலவரம், 1961இல் மட்டக்களப்பில இருந்து பிரிஞ்சு போன அம்பாறை மாவட்டம், மூன்றையும் ஒரே மூச்சில சொல்லிப்போட்டு வெற்றிலை துப்ப எழும்பிப் போயிடுவார். அந்தக் கதையை இங்க விரிக்க வரல்ல. ஆனா அதைக் கேட்டே வளர்ந்து, அந்தத் தண்ணியை நாற்பது வயசு மட்டும் பார்க்காமல் இருந்திட்டன். அது நஷ்டம்தான்.

அந்தக் குளத்தின்ட பேர் சேனாநாயக்க சமுத்திரம். கட்டில ஏறி நின்றால் சமுத்திரம் என்ற பேர் கூடுதலாத் தெரியாது. இந்தக் குளத்துக்குத் தண்ணி தாற காட்டைக் காப்பாற்றத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவை அறிவிச்சாங்க. ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். மற்றப் பூங்காக்களில ஜீப்பில தூசி குடிச்சுக் கொண்டு திரியிறம். இங்க போட்டில போகலாம்.

யானை கண்டம். நாலைஞ்சு, கரையில புல்லு மேய்ஞ்சு கொண்டு நின்றது. நீந்தல்ல. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மறுகாதான் விஷயம். குளம் நிறைஞ்ச காலத்தில மூழ்கிச் செத்த மரங்கள் இன்னும் தண்ணிக்குள்ள நிற்குது. இலை இல்லை, பட்டை இல்லை, எலும்பு மாதிரி வெள்ளை. மச்சான் பார்த்திட்டு, "இதை வெட்டி எடுத்தா எவ்வளவு விறகு" என்றார். அந்த நேரம் போட் ஓட்டினவர் கையைக் காட்டி "ராஜாலியா" என்றார். எங்கட சிங்களம் அரைகுறை, அவர்ட தமிழ் அதைவிடக் குறை. ஆனா அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல்ல. ராஜாலியா, இராசாளி. ரெண்டு பக்கமும் ஒரே பேரைத்தான் வைச்சிருக்கிறம்.

உச்சிக் கொப்பில வெண்வயிற்றுக் கடற்கழுகு. தலையும் வயிறும் சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளை, செட்டை சாம்பல். விரிச்சால் ரெண்டு மீற்றர் மட்டில வரும். பேரில கடல் இருந்தாலும் பெரிய குளம், வாவி எல்லாம் அதுக்குக் கடல்தான். கொஞ்சம் தள்ளி, பதிவான கொப்பில சாம்பல் தலை மீன் கழுகு. அது எழும்பினாத்தான் அடையாளம் பிடிபடும்: வெள்ளை வால், நுனியில அகலமான கறுப்புப் பட்டை. இது வானத்தில வட்டமடிச்சு வித்தை காட்டுற ஆள் இல்லை. தண்ணிக்குப் பக்கத்தில ஒரு கொப்பைப் பிடிச்சு மணிக்கணக்கா இருக்கும், மீன் மேல வந்தால் ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான்.

இதில இன்னொரு பறவை பார்க்க ஆசைப்பட்டன், கிடைக்கல்ல. பேரே விராலடிப்பான், இங்கிலீசில ஒஸ்பிரே. வாடைக் காற்றோட வந்து, கச்சான் காற்றுத் தொடங்க முன் திரும்பிப் போறது. வழுக்கிற மீனை விடாமல் பிடிக்கிறதுக்காக வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பக் கூடிய கால் அதுக்கு. பேர் வைச்சவன் எவனோ குளத்தங்கரையில நாள் கணக்காக் குந்தியிருந்தவனாத்தான் இருக்க வேணும்.

நான் போட்காரரைப் பார்த்து, "அண்ணே, எஞ்சினை நிப்பாட்டுங்க" என்று கையால சைகை செய்தன். நிப்பாட்டினார். பிள்ளைகள்கூடச் சத்தம் போடல்ல. தண்ணி போட்டில தட்டுற சத்தம் மட்டும். பத்து நிமிஷம் இருக்கும். கடற்கழுகு தலையைச் சரிச்சு எங்களைப் பார்த்துது, மறுகா தண்ணியைப் பார்த்துது. பாயப் போகுது என்று மகள் என்ட கையைப் பிடிக்கிறாள். அந்த நேரம் பார்த்து இன்னொரு போட் பாட்டும் கூத்துமா வந்து நேரே மரத்தடிக்கு விட்டாங்க. எல்லார் கையிலயும் போன். கழுகு எழும்பிப் போயிட்டுது. அவங்க எடுத்த படத்தில வெறும் மரம்தான் இருக்கும், எனக்கு அதில ஒரு சந்தோஷம்.

கோபம் அந்தப் போட் ஓட்டினவரில இல்லை. கிட்டக் கொண்டு போனால் சனம் கையில ஐந்நூறு, ஆயிரம் வைக்குது, அவர் கொண்டு போறார். "காசு கட்டித்தானே வந்தம், கிட்டப் போனா என்ன?" என்று கேட்கிறது நாங்கதான். என்ன என்றால், ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஒரு மீன் பிடிக்கிற பறவையை நாளைக்குப் பத்துத் தரம் எழுப்பினால் அது எப்போ தின்னுறது? கூடு கட்டுற காலத்தில இப்படிக் கலைச்சால் கூட்டையே விட்டிட்டுப் போயிடும்.

எங்கட சனத்துக்குப் பருந்தில பக்தி இல்லை என்று சொல்ல ஏலாது. கும்பாபிஷேகத்தில கலசத்துக்கு மேல செம்பருந்து ஒரு வட்டம் அடிச்சால் கருடன் வந்திட்டார் என்று அரோகரா வானத்தைப் பிளக்கும். அடுத்த நாள் அதே கருடன் கடற்கரையில காயப்போட்ட கருவாட்டில கால் வைச்சால் அது பிராந்து, கல்லெறி. வயலிலயும் இதுதான் நடக்குது. எலிக்கு நஞ்சு வைக்கிறம், அந்த எலியைத் தின்னுற கருந்தோள் பருந்துக்கும் அது போய்ச் சேருது. எலியை ஒழிக்கச் சம்பளம் கேட்காமல் வாற ஆளையும் சேர்த்துத்தான் ஒழிக்கிறம்.

ஆகவே போறவங்களுக்கு நான் சொல்றது: போங்க, கட்டாயம் போங்க. விடியப் போங்க. கூட்டத்தோட போனால் ஸ்பீக்கரை வானிலேயே விட்டிட்டு இறங்குங்க. இருந்தால் ஒரு பைனாகுலர், இல்லாட்டிப் பரவாயில்லை, அந்தப் பறவை சின்னது இல்லை. மரத்துக்குத் தள்ளியே எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்க, அதுக்கும் ஒரு ஐந்நூறு குடுங்க. கிட்டப் போறதுக்குக் கிடைக்கிற காசு நிப்பாட்டுறதுக்கும் கிடைச்சால் அவர் ஏன் மாட்டேன் என்கப் போறார்? மற்றது மச்சான், அந்த மரம் விறகு இல்லை. (டேக் பண்ணியிருக்கிறன், வாசிப்பார்.)

போன ஞாயிறு பெரியகல்லாற்றுப் பாலத்தில மோட்டார் சைக்கிளில போகக்குள்ள, பின்னுக்கு இருந்த மகள் முதுகில தட்டினாள். "அப்பா, எஞ்சினை நிப்பாட்டுங்க." வாவிக்கு அங்கால டெலிபோன் டவரில அதே வெள்ளை வயிறு. ரெண்டு பேரும் கைப்பிடிச் சுவரில சாய்ஞ்சு நின்றம். வலையோட வந்த தம்பி ஒருத்தன் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணே, ஆரும் தண்ணிக்குள்ள விழுந்திட்டாங்களா?" என்று கேட்டான். மேல காட்டினன்.

"அவனா? அவன் ஒவ்வொரு நாளும் அதிலதான் இருக்கான்" என்றிட்டு மிதிச்சுக் கொண்டு போயிட்டான்.