லேடீஸ் சீட்டிலிருந்து யாரையும் தள்ளிவிடாதீர்கள்

சிறுகதைப் போட்டிக்கு நடுவராக உட்காருவது ஒரு தண்டனை. போட்டி சேலத்தில் நடந்தால் தண்டனையோடு அபராதமும் உண்டு. ஏற்காட்டு பங்களாக் கதைகளையும் படித்தாக வேண்டும். ஊரே கையெடுத்துக் கும்பிடும் எஸ்டேட் முதலாளி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய உபசாரம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பூட்டிய அறை. கடைசிப் பக்கத்தில் அறை திறக்கும், சிரித்த முகம் கோரமாகும், யாராவது ஒருவர் லேடீஸ் சீட் என்ற மலையுச்சிப் பாறையிலிருந்து கீழே போவார். பனி வந்து மூடிக்கொள்ளும். முற்றும்.

எழுதுகிறவர்களுக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது. மரியாதையான தோற்றத்துக்குப் பின்னால் கொடுமை ஒளிந்திருக்கிறது என்ற அவர்களுடைய நம்பிக்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பின்னால் போய்த் தேடுவானேன்? பெரும்பாலான வீடுகளில் கொடுமை நடப்பதே அந்த மரியாதையைக் கொண்டுதான்.

மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளும் கதை நமக்குப் பழையது. குண்டலகேசியிலேயே இருக்கிறது. அதை வைத்துக் கலைஞர் எழுதியதைத்தான் நம்மூர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் 'மந்திரி குமாரி' என்று படமாக்கியது. அதில் வரும் ஒருவன் ஒரு பக்கம் ராஜகுருவின் செல்வ மகன், மறுபக்கம் கொள்ளைக்காரன். கட்டிய மனைவியைத் தேனொழுகப் பாடியபடியே உச்சிக்கு அழைத்துப்போகிறான். போனதும் வேஷம் கலைகிறது. அவளும் சளைத்தவள் இல்லை. கடைசியாக மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, அவனையே தள்ளிவிடுகிறாள். திரையில் இதற்கு ஈடில்லை; நானும் எத்தனையோ முறை பார்த்தவன். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த ஸ்டுடியோ வளைவைக் கடக்கும்போதெல்லாம், நம் பிள்ளைகள் கதை எழுதக் கற்றுக்கொண்டது இந்த வாசலில்தானோ என்று சந்தேகமாக இருக்கும். படத்துக்கு அந்தப் பாறை வேண்டும். ஏழு பக்கச் சிறுகதைக்கு எதற்கு?

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' என்ற சிறுகதை 1948 ஜூனில் 'தி நியூயார்க்கர்' இதழில் வந்ததும் வாசகர்கள் கொதித்துப்போய்க் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். சிறிய ஊர். கோடைக்காலக் காலை. ஆண்டுதோறும் நடக்கும் குலுக்கலுக்கு ஊர் கூடுகிறது. நடத்துகிறவர் நிலக்கரி வியாபாரி. ஊரில் எந்தப் பொதுக்காரியமும் அவர் தலைமையில்தான். நம்மூராக இருந்தால் மாரியம்மன் பண்டிகைக் கமிட்டித் தலைவர் அவராகத்தான் இருப்பார். டெஸ்ஸி என்ற பெண் அன்று என்ன நாள் என்பதையே மறந்துவிட்டுத் தாமதமாக ஓடிவருகிறாள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே. பக்கத்தில் நிற்கும் திருமதி டெலக்ரோவிடம் அதைச் சொல்ல, இரண்டு பேரும் மெதுவாகச் சிரிக்கிறார்கள். பிறகு சீட்டு டெஸ்ஸிக்கு விழுகிறது. சீட்டு விழுந்தவரை ஊரார் கல்லால் அடிப்பது வழக்கம். சிரித்த அதே டெலக்ரோ, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள்.

அவள் முகம் மாறியதாக ஒரு வரி கூட இல்லை. காலையில் சிரித்தது பொய்யும் இல்லை. எத்தனை முறை படித்தாலும் வயிற்றைப் பிசைவது அந்த இடம்தான்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888-இல் எழுதிய ஒரு கதையில் வார்கா என்று பதின்மூன்று வயதுச் சிறுமி வருகிறாள். செருப்புத் தைப்பவர் வீட்டில் குழந்தையைத் தொட்டிலாட்டும் வேலை. அடுப்பு மூட்டு, படிக்கட்டைக் கழுவு, உருளைக்கிழங்கு உரி, விருந்தாளி வந்திருக்கிறார்கள், ஓடிப்போய் பீர் வாங்கி வா. ஏவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இரவெல்லாம் தொட்டில். அந்த வீட்டுக்காரர்களை அரக்கர்கள் என்று செகாவ் எங்கும் சொல்வதில்லை. அவர்கள் வீடு நடத்துகிறார்கள், அவ்வளவே. தூக்கமில்லாமல் புத்தி பேதலித்துக் கடைசியில் அந்தச் சிறுமிதான் கொலை செய்கிறாள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரஷ்யா நினைவுக்கு வருவதில்லை, நம் சேலத்து அஸ்தம்பட்டி நினைவுக்கு வரும். என் உறவில் ஒரு பெரியம்மா அங்கே இருந்தார். தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் அழைப்பு அவருக்குத்தான். படிக்க வைக்கிறேன் என்று சொல்லி மலைக்கிராமத்திலிருந்து ஒரு சிறுமியைக் கூட்டிவந்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிடுவார். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று எதிர்வீட்டம்மா மெச்சுவார். பின்னிக்கொண்டே பெரியம்மா கணக்குக் கேட்பார். நேற்று இட்லி எத்தனை மீந்தது, கண்ணு? நீ எத்தனை சாப்பிட்டாய், கண்ணு? குரல் ஒருபோதும் உயராது. கணக்கு இடித்தால் பின்னல் சற்று இறுகும். அந்தப் பெண்ணின் புருவம் இரண்டும் மேலே இழுபட்டு நிற்கும். தெருவிலிருந்து பார்த்தால் அதுவும் அழகாகத்தான் தெரியும்.

சம்பளம் அவள் கல்யாணத்துக்காகச் சேர்ந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடுத்த ஜூனில் சேர்ப்பதாக இருந்தது. எந்த ஜூன் என்று உறவில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாசம் நடிப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு டைபாய்டு வந்தபோது பெரியம்மா ராத்திரி முழுக்கக் கண்விழித்தார்.

நம் போட்டியாளர் கையில் இந்த வீடு கிடைத்திருந்தால், கடைசிப் பக்கத்தில் கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட வைத்திருப்பார். வாசகரும் நிம்மதியாக மூச்சு விடுவார்: அப்பாடா, நம் வீட்டில் யாரும் சூடு போடுவதில்லை. அரக்கியைக் காட்டினால் அகப்படுவது அரக்கி மட்டும்தான்.

சேலத்துக்காரர்களாகிய நமக்கு இது தெரியாத சங்கதியா? பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது இங்கேதானே. கள்ளிப்பாலும் நெல்மணியும் பேய் பிசாசுகளிடம் இருந்ததில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்கிற வீடுகளில் இருந்தன. பேரனைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிய கை வேறு, அந்தக் கை வேறு இல்லை. ஆனால் எங்கள் போட்டிக்கு வருகிற சிசுக்கொலைக் கதைகளில் மாமியாருக்குக் கோரைப்பல் முளைக்காத குறைதான்.

இந்த முறை ஒரு கதை தப்பித்து வந்திருந்தது. எழுதியவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பெண். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கும் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோகிறார். வாங்கிய முன்பணம் அடையவில்லை. பட்டறை முதலாளி முதல் ஆளாக வந்து, ரோஜா மாலை போட்டு, குலுங்கி அழுகிறார். காரியச் செலவுக்குப் பணம் தருகிறார். பாடையைத் தூக்கத் தோள் கொடுக்கிறார். பதினாறாம் நாள் முடிந்ததும் மகன் அப்பாவின் பலகையில் போய் உட்காருகிறான். வா என்று யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கும்போது பற்று நோட்டில் அப்பா பெயரை அடித்துவிட்டுத் தன் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கிறான். கீழே காரியச் செலவு. அதற்கும் கீழே 'மாலை – 150'. முதலாளி டீ சொல்லி, அவனுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் கதை.

நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் பரிசு என்றேன். கூட இருந்த நடுவர், நல்ல மனிதர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளி அழுதது நிஜமா நடிப்பா என்று கேட்டார். நிஜம்தான் ஐயா என்றேன். அப்படியானால் மாலைக்குக் கணக்கு எழுதியது? அதுவும் நிஜம்தான் என்றேன். பாத்திரப் படைப்பில் தெளிவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஆறுதல் பரிசோடு கதை நின்றுவிட்டது.

அந்தப் பெண் நேற்று போனில் கேட்டார், முடிவில் முதலாளியைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்டி மாற்றி எழுதட்டுமா சார் என்று. ஒரு வரியைக் கூடத் தொடாமல் அப்படியே வேறு பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.