பெறாமகனுக்குக் கையெழுத்து வைக்கப் பெரியம்மா யார்?

போன கிழமை பேரப்பிள்ளையின் அலுவலாக மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மம்மாவை, பெற்றவள் இல்லை என்று ஓர் அலுவலகக் கவுண்டரில் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் படம் இணையத்தில் சுற்றியது. "தாயைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அந்த அம்மம்மாவைத் திருப்பி அனுப்பியதைவிட, அந்தப் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியவைதான் மூன்று நாளாக என் நித்திரையைக் கெடுக்கின்றன. "சட்டம் எல்லோருக்கும் சட்டம்தான்." "பெற்றவள் எங்கே போனாள்?" "வளர்க்க ஆசையென்றால் கோர்ட்டில் எழுதி எடுக்கலாமே."

பெற்றவள் எங்கே போனாள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். இலங்கையிலிருந்து வீட்டுவேலைக்கு வெளிநாடு போகிற தாய்மார் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது. நீ போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று அதில் கேட்டார்கள். அம்மம்மாவின் பெயரோ பெரியம்மாவின் பெயரோ அங்கே எழுதப்பட்டது. பிரதேச செயலகம்வரை அந்தத் தாள் போய் வந்தது. தாயை விமானத்தில் ஏற்ற அந்தப் பெயர் செல்லுபடியானது. பிள்ளையின் அலுவலுக்கு வந்து நின்றால் அதே பெயர் செல்லாது. வளர்க்கிறவரைப் பதிந்து ஒரு தாள் கொடுங்கள், பிள்ளைக்கு ஓர் உதவிப்பணமும் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. திருகோணமலைத் திருக்கடலூரில் பெரியம்மாதான் வளர்த்தா. நான் அவ பெறாத மகன், பெறாமகன். விடிய நாலு மணிக்கு இடியப்பம் அவித்து, கடைகளுக்குக் கொடுத்து, அந்தக் காசில் என்னையும் தன் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தா. என் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, தேர்ச்சி அறிக்கை எல்லாம் ஒரு நீல ஷொப்பிங் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கும். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் வைக்கும்போது கை நடுங்கும். மாவு ஒட்டிய விரலைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் பேனையைத் தொடுவா.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்தப் பையைக் கொண்டுபோனது. எங்களைக் கொண்டுபோகவில்லை. பிறகு என் சான்றிதழுக்குப் பிரதி எடுக்க அலைந்தபோது, ஒரு மேசையில் இருந்தவர் கேட்டார்: "நீங்கள் இந்தப் பிள்ளைக்கு யார்?" "பெறாமகன்" என்றா பெரியம்மா. "அப்படியென்றால் உரித்தான ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." எனக்குப் பதின்மூன்று வயது. அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலில் போய் நின்றேன்.

சரி, கோர்ட்டுக்குப் போகலாம்தானே என்கிறீர்கள். போகலாம். சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். தவணைக்குத் தவணை ஒருநாள் உழைப்பை விட வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது?

உதவிப்பணம் கொடுத்தால் காசுக்காகப் பிள்ளை வளர்ப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கிப்போனேன், வேறு பதில் இல்லை. உறவு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுமை நடக்கிறதே என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அது உண்மை. அதனால்தான் பதிவு வேண்டும் என்கிறேன். பதிந்தால்தான் சிறுவர் உத்தியோகத்தர் ஒருவர் அந்த வீட்டுப் படியேறுவார்.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சுனாமிக்குப் பிறகு, 2005இல், 16ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து அநாதரவான பிள்ளைகளின் வளர்ப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். பிள்ளையை முதலில் உறவுக்குள் வைக்கப் பாருங்கள், இல்லம் கடைசி வழி என்று ஐக்கிய நாடுகள் சபை 2009இல் வழிகாட்டல் தந்தது. அரசு இல்லத்தில் ஒரு பிள்ளை இருந்தால் சாப்பாடு, உடுப்பு, கொப்பி எல்லாவற்றுக்கும் அரசு செலவழிக்கும். அதே பிள்ளை அம்மம்மாவின் பாயில் படுத்தால் ஏன் ஒரு சதம் வரக்கூடாது? 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தைக் கேட்டுப் பாருங்கள். கிளிவெட்டி முகாமில் தறப்பாளுக்குக் கீழே தங்கை பிள்ளையையும் தம்பி பிள்ளையையும் அணைத்துக்கொண்டு படுத்தவர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

பெற்றவளைத் திட்டுகிறவர்களே, என் அம்மா போனது நகை வாங்க இல்லை. அப்பாவின் வள்ளக் கடன் கட்ட. தொலைபேசியில் என் குரலைக் கேட்டால் முதல் இரண்டு நிமிடம் அழுவா. அந்த இரண்டு நிமிடத்துக்கும் காசு ஓடும். பெரியம்மா றிசீவரை வாங்கி, "பிள்ளை நல்லா இருக்கிறான், நீ அழாதை" என்பா. நான் அம்மா என்று கூப்பிட்டது இரண்டு பேரை. ஒருவரைத் திட்டினால் மற்றவருக்கும் நோகும்.

பெரியம்மா போய் நாலு வருசம். மரணப் பதிவுக்குப் போனபோது இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். பெறாமகன் என்று சொன்னேன். அன்றைக்கு என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அந்த அம்மம்மா திங்கட்கிழமை மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்ப வாறா. பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். லீவு போடக்கூடியவர்கள் வாருங்கள், எட்டரைக்கு அந்தக் கவுண்டருக்கு அவவோடு சேர்ந்து போவோம்.