ஐன்ஸ்டைன் பேராசிரியரை மடக்கினாரா?

மதுரை கிறிஸ்தவ சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை சுற்றுகிறது. "தீமையைப் படைத்தது கடவுள்தானே?" என்று கேட்ட பேராசிரியரை, "இருள் என்பது ஒளியின்மை, தீமையும் அப்படித்தான்" என்று மடக்கிய மாணவர் ஐன்ஸ்டைனாம்.

பொய். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மனிதர் காரியங்களில் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்று 1929-லேயே சொன்னவர்.

கருத்து மட்டும் பழையது, சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகுஸ்தினார் எழுதியது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்க வல்லவர் என்பதால்தான் கடவுள் அதை அனுமதிக்கிறார் என்றார். ஃபார்வர்டில் அது இல்லை. சரி, பிள்ளையைப் பறிகொடுத்த செல்லூர் வீட்டில் போய் இந்த ஒளியின்மைக் கணக்கைச் சொல்ல முடியுமா? பைபிளில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லப் போய்த்தான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.