அடுப்புக்கு மேலே சவுக்குத் தோரணமா?

டிசம்பர் வந்தாலே கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கென்று பெங்களூரு ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய்ச் சவுக்குக் கிளையை ஒரு கட்டு அள்ளிவந்து, நேரே கேஸ் அடுப்புக்கு மேலே கட்டிவிடுகிறார்கள். அந்தச் சூட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? காய்ந்து உதிர ஆரம்பித்தால் குழம்பில் கறிவேப்பிலையைவிடச் சவுக்கு ஊசிதான் அதிகம். தீப்பிடித்தால் இன்னும் விசேஷம். அடுப்பிலிருந்து 3 அடியாவது தள்ளிக் கட்டுங்கள், சாமி! அதற்கு முன் காம்பைச் சரிவாக வெட்டி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் நிற்க வையுங்கள்.

அடுத்தது தோரணத்தை மாட்டச் சுவரில் ஒட்டும் அந்த ஒட்டுக் கொக்கி. டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, 30 விநாடி அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் மாட்டணும். யார் கேட்கிறார்கள்? நடுராத்திரியில் 'டமார்'.

பாட்டி காலத்துப் பித்தளைச் சொம்புதான் பாவம். புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டு, ஈரம் துடைக்காமல் அப்படியே தண்ணீர் ஊற்றிக் கிளையைச் செருகினால் பச்சைக் களிம்பு பூக்காமல் என்ன செய்யும்? உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றினால் போதும். விளிம்பு பெயர்ந்த பழைய எனாமல் மக்குக்கும் அதே டம்ளர்தான்; இல்லையென்றால் துரு.